மாடு நடக்கும் வேகத்தில் ஒரு தொடர்: லோன்சம் டவ்

கேள்வி இதுதான்: ‘1989-இல் வந்த லோன்சம் டவ் என்ற அமெரிக்க டிவி தொடரை வெஸ்டர்ன் (அமெரிக்க மேற்கின் கௌபாய் கதை) ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். டெக்சாஸிலிருந்து மொன்டானாவுக்கு மாடு ஓட்டிக்கொண்டு போகிற கதை, ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்க்க அதில் என்ன இருக்கிறது? அது உண்மையில் நடந்ததா? எப்படி எடுத்தார்கள்?’

முதல் கேள்விக்கு என் பதில், அந்த ஆறு மணி நேரம்தான் அதில் இருக்கிறது. மந்தை ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பதினைந்து மைல்தான் நடக்கும். அதற்கு மேல் விரட்டினால் மாடு இளைத்துப் போகும், இளைத்த மாட்டுக்குச் சந்தையில் விலை கிடையாது. அதனால் மேய விட்டு, தண்ணீர் காட்டி, மெல்ல நடத்தித்தான் கூட்டிப் போவார்கள். இப்படி மாதக்கணக்கில் ஒரே தூசியைத் தின்று, ஒரே நெருப்பைச் சுற்றிப் படுத்து எழுந்த ஒரு டஜன் ஆட்களுக்குள் என்ன உருவாகும், அதில் ஒருவன் செத்தால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதை இரண்டு மணி நேரப் படத்தில் வசனத்தால் சொல்லலாம், ஆனால் பார்க்கிறவனை அதற்குள் வாழ வைக்க முடியாது. இந்தத் தொடரால் அது முடிந்தது. நான் இதை நான்கு தடவை முழுதாகப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் கடைசி ஒரு மணி நேரத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1870-களின் பிற்பகுதி. ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, லோன்சம் டவ் என்ற காய்ந்து போன ஒரு சிற்றூர். அகஸ்டஸ் மக்ரே, உட்ரோ கால் என்று இரண்டு பேர், டெக்சாஸ் ரேஞ்சர் படையில் கேப்டன்களாக இருந்து ஓய்ந்தவர்கள், அங்கே குதிரையும் மாடும் வாங்கி விற்றுக் காலம் தள்ளுகிறார்கள். அகஸ்டஸை எல்லாரும் கஸ் என்பார்கள். ஓயாத வாய், குடி, சீட்டாட்டம், பெண்கள் மேல் பிரியம், எதையும் சிரித்துக்கொண்டே பார்க்கிற மனசு. உட்ரோ நேர் எதிர், பேச்சே கிடையாது, விடியுமுன் எழுந்து வேலை, இருட்டியபின் தனியாக ஆற்றோரம் போய் உட்காருவது. பழைய கூட்டாளி ஜேக் ஸ்பூன் ஒரு நாள் திரும்பி வந்து, மொன்டானாவில் இன்னும் மாடே போகாத புல்வெளி கிடக்கிறது என்று போகிற போக்கில் சொல்லிவைக்க, அது உட்ரோவின் தலையில் ஏறிக்கொள்கிறது. ஆற்றைக் கடந்து போய் மெக்சிகோக்காரர் ஒருவரின் குதிரைகளையும் மாடுகளையும் ராத்திரியில் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள், ஆட்களைச் சேர்க்கிறார்கள், கிளம்புகிறார்கள். அந்த ஆட்களில் நியூட் என்று ஒரு பையன், தாய் இல்லாதவன். அவன் உட்ரோவின் மகன் என்பது எல்லாருக்கும் தெரியும், உட்ரோ மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டார். கதையின் ஆழமான காயம் அதுதான்.

இனி இது உருவான விதம். இதன் தொடக்கம் ஒரு சினிமாவாக இருந்திருக்க வேண்டியது. நாவலாசிரியர் லாரி மக்மர்ட்ரி 1970-களின் தொடக்கத்தில் இயக்குநர் பீட்டர் போக்டனோவிச்சுக்காக ஒரு திரைக்கதை எழுதினார். ஜான் வெயின், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஹென்றி ஃபோண்டா என்ற நடிகர்கள் மூவரையும் மனதில் வைத்து எழுதியது. வெயின் மறுத்துவிட்டார். வேண்டாம் என்று அவருக்குச் சொன்னது இயக்குநர் ஜான் ஃபோர்டு என்பார்கள். படம் நின்று போனது. ஸ்கிரிப்ட் ஸ்டுடியோவின் அலமாரியில் பல வருடம் கிடந்தது. பிறகு மக்மர்ட்ரி தன் சொந்தக் கதையைத் தானே 35,000 டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கி நாவலாக எழுத உட்கார்ந்தார். தலைப்பு வெகுநாள் கிடைக்கவில்லை. டெக்சாஸில் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான பழைய வேனின் பக்கவாட்டில் லோன்சம் டவ் பாப்டிஸ்ட் சர்ச் என்று எழுதியிருந்ததைப் பார்த்தாராம், தனித்த புறா என்ற அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நாவல் 1985-இல் வந்தது, 800 பக்கத்துக்கு மேல். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு. மக்மர்ட்ரி கால்நடைக் குடும்பத்துப் பிள்ளை, வடக்கு டெக்சாஸில் ஆர்ச்சர் சிட்டிக்காரர். அப்பா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் குதிரை மேல் வாழ்ந்தவர்கள். அதனால் கௌபாய் வாழ்க்கையின் மேல் பூசப்பட்ட பொன் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கமாக இருந்தது. வாசகர்களோ அதையே மேற்குப் புராணத்தின் உச்சமாக எடுத்துக்கொண்டார்கள். இது அவருக்குக் கடைசிவரை உறுத்தியது, பல இடங்களில் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால் இரண்டு தரப்பும் சரி. கஷ்டத்தையெல்லாம் மறைக்காமல் சொன்னதால்தான் அந்த மனிதர்கள் இன்னும் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

சினிமா கைவிட்டதை டிவி எடுத்தது எப்படி என்பது தனிக் கதை. மோடவுன் என்ற பெயர் இசை ரசிகர்களுக்குத் தெரியும், டெட்ராய்டில் பிறந்த கறுப்பின இசை நிறுவனம். அதன் தயாரிப்புப் பிரிவை நடத்திய சுசான் டி பாஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, நாவல் அச்சில் வருவதற்கு முன்பே கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு 50,000 டாலருக்கு உரிமையை வாங்கினார். அப்போது அதைப் போட்டி போட்டு வாங்க ஆளே இல்லை. ஏன் இல்லை என்றால், வெஸ்டர்ன் செத்துவிட்டது என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். 1959-இல் அமெரிக்க டிவியில் மாலை நேரத்தில் மட்டும் இருபத்தைந்துக்கு மேல் வெஸ்டர்ன் தொடர்கள் ஓடின. அதில் ஒன்றான ராஹைட் முழுக்க முழுக்க மந்தை ஓட்டுகிற கதைதான், கிளின்ட் ஈஸ்ட்வுட் ஆளானது அதில்தான். 1975-இல் கன்ஸ்மோக் நின்றதோடு அந்த யுகம் முடிந்தது, 1980-இல் ஹெவன்ஸ் கேட் என்ற பெரிய படம் விழுந்ததும் சினிமாவும் கதவைச் சாத்தியது. அதற்கு மேல், பல இரவுகள் ஓடும் குறுந்தொடர் என்ற வடிவமும் செலவு தாங்காமல் தள்ளாடிக்கொண்டிருந்த நேரம். அப்படிப்பட்ட நாளில் சிபிஎஸ் சேனலை ஒத்துக்கொள்ள வைத்து, சுமார் 2 கோடி டாலரில் இதை எடுத்தார்கள்.

திரைக்கதை எழுதியவர் பில் விட்லிஃப், செயல் தயாரிப்பாளரும் அவரே. டெக்சாஸ் மண்ணின் ஆள். இவர் அடிப்படையில் ஒரு புகைப்படக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். 1970-ஐ ஒட்டிய சில ஆண்டுகள் வடக்கு மெக்சிகோவில் ஒரு பண்ணைக்குத் திரும்பத் திரும்பப் போய், இன்னும் பழைய முறையிலேயே மாடு மேய்த்துக்கொண்டிருந்த வக்கேரோக்களைப் படம் எடுத்திருக்கிறார். வக்கேரோ என்றால் ஸ்பானிய மொழியில் மாட்டுக்காரன். அமெரிக்கக் கௌபாயின் மூல உருவமே அவன்தான், லாசோ, ரோடியோ, ரெமூடா என்று இந்தத் தொழிலில் புழங்கும் பாதிச் சொற்கள் அவனிடமிருந்து வந்தவை. கயிற்றை எப்படிச் சுருட்டுவான், சேணத்தை எங்கே வைப்பான், தொப்பி வியர்வையில் எப்படிக் கறுக்கும் என்பதையெல்லாம் லென்ஸ் வழியாகப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. தொடரில் சட்டை, பூட்ஸ், தோல் எல்லாமே உழைத்துத் தேய்ந்தவையாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். உடையமைப்புக்கு, டிவி படைப்புகளுக்குத் தருகிற எம்மி விருதும் கிடைத்தது.

நாவலின் உரையாடலைப் பெரும்பாலும் கை வைக்காமல் விட்டார் என்பது விட்லிஃப் செய்த இன்னொரு நல்ல காரியம். 800 பக்கத்தைச் சுருக்க வேண்டிய எவனும் முதலில் வெட்டுவது பேச்சைத்தான், சம்பவங்களை மட்டும் கோர்த்துக்கொண்டு போவான். இவர் தலைகீழாகச் செய்தார். மாட்டைக் கிளப்புவதற்கு முன்பே ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தத் திண்ணையில், பன்றிகள் சுற்றித் திரியும் அந்த முற்றத்தில், சும்மா பேச விடுகிறார். பொறுமையில்லாதவர்கள் இங்கேதான் எழுந்து போவார்கள். தயவுசெய்து போகாதீர்கள். பின்னால் வரும் ஒவ்வொரு அடியும் இந்தப் பேச்சின் மேல்தான் விழப் போகிறது.

இயக்குநர் சைமன் வின்சர் ஆஸ்திரேலியர். டெக்சாஸ் கதைக்கு ஆஸ்திரேலியரா என்று தோன்றும். ஆனால் அவர் அதற்கு முன் எடுத்தவற்றைப் பாருங்கள்: ஃபார் லாப், ஒரு பந்தயக் குதிரையின் கதை, தி லைட்ஹார்ஸ்மென், முதல் உலகப் போரில் பீர்ஷெபாவில் நடந்த குதிரைப்படைத் தாக்குதல். குதிரையையும் மனிதனையும் ஒரே சட்டகத்தில் எப்படி வைப்பது என்று தெரிந்த ஆட்கள் அப்போது ஹாலிவுட்டில் குறைந்து போயிருந்தார்கள். அவருக்கும் இயக்கத்துக்கான எம்மி கிடைத்தது. படப்பிடிப்பு 1988-இல், டெக்சாஸிலும் நியூ மெக்சிகோவிலும். தெற்கே டெல் ரியோவுக்கு அருகில் ஒரு பண்ணையில் லோன்சம் டவ் ஊரைக் கட்டினார்கள். மொன்டானா என்று நீங்கள் பார்க்கிற மலையும் புல்வெளியும் உண்மையில் நியூ மெக்சிகோ.

நடிகர்கள் விஷயத்தில் ஒரு சுவையான தகவல். ராபர்ட் டுவாலுக்கு முதலில் வந்தது உட்ரோ பாத்திரம். நாவலைப் படித்த அவருடைய அப்போதைய மனைவி, நீங்கள் செய்ய வேண்டியது கஸ், மற்றதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள் என்றாராம். கஸ் பாத்திரம் ஜேம்ஸ் கார்னருக்குப் பேசப்பட்டிருந்தது, வாரக்கணக்கில் குதிரை மேல் உட்கார அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. அப்படி டுவால் கஸ் ஆனார். தன் வாழ்நாளில் செய்த பாத்திரங்களிலேயே தனக்குப் பிடித்தது இதுதான் என்று அவர் பிறகு எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், தி காட்ஃபாதரில் நடித்த மனிதர் சொல்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். உட்ரோவாக டாமி லீ ஜோன்ஸ். டெக்சாஸில் சான் சபாவில் பிறந்தவர், குதிரை அவருக்கு நடிப்பு அல்ல. முகத்தில் ஒரு தசை அசையாமல் ஒரு மனிதனின் உள்ளே நடப்பதைக் காட்டுகிறார். டேனி குளோவர், டயேன் லேன், ஆஞ்ஜெலிகா ஹூஸ்டன், கிறிஸ் கூப்பர் என்று மற்றவர்களும் அவரவர் இடத்தில் அசத்தியிருக்கிறார்கள். பேசில் பொலிடூரிஸின் இசை பற்றி ஒரு வரி மட்டும்: முதல் தடவை மந்தை கிளம்பும்போது அது விரிகிற விதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வெட்டவெளி தெரியும்.

இனி மாட்டுக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது டெக்சாஸில் லட்சக்கணக்கான லாங்ஹார்ன் என்ற நீளக் கொம்பு மாடுகள் கேட்பாரற்றுப் பெருகிக் கிடந்தன. அங்கே ஒரு மாடு மூன்று நான்கு டாலர். வடக்கே, ரயில் பிடித்துச் சிகாகோ போய்ச் சேர்ந்தால் அதே மாடு முப்பது நாற்பது டாலர். நடுவில் இருந்தது வெறும் தூரம்தான். 1867-இல் ஜோசப் மக்காய் என்ற வியாபாரி கான்சாஸில் அபிலீன் என்ற ரயில் நிலையத்துச் சிற்றூரில் பட்டிகள் கட்டிச் சந்தை திறந்தார். அந்த வருடமே சுமார் 35,000 மாடுகள் வந்து இறங்கின. அடுத்த இருபது ஆண்டுகளில் டெக்சாஸிலிருந்து வடக்கே நடந்து போன மாடுகள் 50 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் அடிமாடுதான், நகரத்துக்காரர்களின் தட்டுக்கு. சில மந்தைகள் மட்டும் புது மேய்ச்சல் நிலத்தைத் தேடி வயோமிங், மொன்டானா வரை போயின. 1866-லேயே நெல்சன் ஸ்டோரி என்பவர் டெக்சாஸிலிருந்து மொன்டானாவுக்கு மந்தை ஓட்டிப் போய்ச் சேர்த்திருக்கிறார், ஆகவே நம் கதையின் பாதை கற்பனை அல்ல.

இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் மாடுகளுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள்தான் இருப்பார்கள். முன்னால் இரண்டு அனுபவசாலிகள் திசை காட்டுவார்கள், பக்கவாட்டில் சிலர் மாடு சிதறாமல் அணைத்து வருவார்கள், கடைசியில் வாலைப் பிடித்து வருவது புதுப் பையன்களின் வேலை. நொண்டுகிற மாடு, சோம்பல் மாடு எல்லாம் அங்கேதான் ஒதுங்கும், முன்னால் போகிற ஆயிரக்கணக்கான குளம்புகள் கிளப்பிய தூசி முழுவதும் இவன் நுரையீரலுக்குள். தொடரில் நியூட் அங்கேதான் சவாரி செய்கிறான், முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு. கேப்டனின் மகன் என்று எந்தச் சலுகையும் இல்லை என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொருவனுக்கும் பல மாற்றுக் குதிரைகள் உண்டு, அந்தக் குதிரைக் கூட்டத்துக்குப் பெயர்தான் ரெமூடா. கூலி மாதம் முப்பது நாற்பது டாலர். சமையல்காரனுக்கு அதைவிடக் கூடுதல், ஏனென்றால் சோறு சரியில்லாத மந்தையில் ஆள் நிற்க மாட்டான். ராத்திரியில் சமையல் வண்டியின் நுகத்தடியைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் படுப்பார்கள், மறுநாள் வானம் மூடியிருந்தாலும் வடக்கு எது என்று தெரியும்.

படுத்த மந்தையை இரண்டிரண்டு பேராக இரவு முழுக்க முறை போட்டுச் சுற்றி வருவார்கள், மெல்லப் பாடிக்கொண்டே. பாட்டு ஆசையால் மட்டும் அல்ல, இருட்டில் திடீரென்று ஒரு உருவம் தோன்றினால் மாடு மிரளும், குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் பயப்படாது. ஒரு இடி, ஒரு குச்சி முறிகிற சத்தம் போதும், மூவாயிரமும் ஒரே மூச்சில் எழுந்து ஓடும். அப்போது பின்னால் துரத்திப் பயனில்லை. இருட்டில் வளை எது, பாறை எது என்று தெரியாமல் குதிரையை விட்டு மந்தையின் தலைக்குப் போய், முன்மாடுகளை ஒரு பக்கமாக வளைத்து, கூட்டம் தன்னைத் தானே சுற்றிச் சுழன்று ஓயும்படி செய்ய வேண்டும். புயல் இரவுகளில் கொம்பு நுனிகளில் நீல வெளிச்சம் ஆடுவதைப் பார்த்ததாக அந்தக் காலத்து ஆட்கள் நினைவுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள், மக்மர்ட்ரி அதை நாவலிலும் கொண்டு வந்திருக்கிறார்.

ஆறுதான் எல்லாவற்றையும்விடப் பயம். மாடு நீந்தும், ஆனால் நடு ஆற்றில் ஏதாவது தட்டினால் திரும்பி வட்டமடிக்கத் தொடங்கும், அந்த வட்டத்துக்குள் அகப்பட்டால் மாடும் மனிதனும் முங்க வேண்டியதுதான். தொடரில் எல்லாரும் மறக்காமல் சொல்கிற காட்சி நியூசெஸ் ஆற்றைக் கடப்பது. ஷான் என்று அயர்லாந்திலிருந்து வந்த ஒரு பையன், வீட்டை நினைத்து அழுகிறவன், நல்ல குரல். கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது தண்ணீரில் பாம்புகள் அவன் மேல் மொய்க்கின்றன. நண்பர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவன் அலறல். உயிரியல் தெரிந்தவர்கள் அந்தப் பாம்புகள் அப்படிக் கூடு கட்டிக் கும்பலாகத் தாக்காது, அது டெக்சாஸில் வழங்கும் கதை என்பார்கள், உண்மைதான். ஆனால் காட்சி நம்மைப் பிடிப்பது பாம்பால் அல்ல, அதற்குப் பிறகு வருவதால். கஸ் அந்தக் குழிமேட்டில் நின்று சில வரிகள் பேசுகிறார்: நல்ல பையன், அழகாகப் பாடுவான், வாழ்க்கையில் விபத்து உண்டு, அவனுக்கு ஒரு மோசமான விபத்து வாய்த்தது, கவனமில்லாவிட்டால் நமக்கும் அதேதான், வாருங்கள் மொன்டானா போகலாம். அவ்வளவுதான். மாடு மேய்ந்துகொண்டே நகர்ந்துவிட்டது, அழுது நிற்க நேரமில்லை. வேலை துக்கத்தைக் காத்திருக்க வைக்கிறது. அந்தத் தொழிலின் கொடுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இதற்கு மேல் கதையின் முடிவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பார்க்கப் போகிறீர்கள் என்றால் கடைசி இரண்டு பத்திகளுக்குத் தாவிவிடுங்கள்.

மொன்டானாவில் கஸ் அம்பு பட்டுக் காயமடைகிறார். கூட இருந்த பீ ஐ என்ற மந்தை ஆள் ஆற்று வழியாக நழுவி, உடுப்பும் இல்லாமல் நடந்தே போய் மந்தைக்குத் தகவல் சொல்கிறான். மைல்ஸ் சிட்டியில் மருத்துவர் ஒரு காலை எடுத்துவிடுகிறார், இன்னொன்றும் அழுகிவிட்டது, அதையும் எடுக்க கஸ் சம்மதிக்கவில்லை. சாகப் போகிறவர் நண்பனிடம் ஒரு வாக்குறுதி வாங்குகிறார்: என்னை டெக்சாஸுக்குக் கொண்டு போய், ஒரு காலத்தில் நானும் என் பழைய காதலி கிளாராவும் உட்கார்ந்திருந்த ஆற்றங்கரை மரத்தடியில் புதைக்க வேண்டும். உட்ரோ முணுமுணுக்கிறார், ஆனால் செய்கிறார். மாதக்கணக்கில் மாடு ஓட்டிப் போன அத்தனை தூரத்தையும் ஒரு சவப்பெட்டியோடு திரும்பக் கடக்கிறார். கிளம்புமுன் நியூட்டுக்குத் தன் குதிரையையும் துப்பாக்கியையும் தன் அப்பாவின் சட்டைப்பைக் கடிகாரத்தையும் கொடுக்கிறார். பெயரை மட்டும் கொடுக்க வாய் வரவில்லை. டாமி லீ ஜோன்ஸ் அங்கே பேச முயன்று, தொண்டை அசைந்து, சொல் வராமல் குதிரையைத் திருப்புகிறாரே, அந்தச் சில நொடிகளுக்காகவே அதுவரை அவர் வாய் மூடி இருந்தது போலத் தோன்றும். செத்தவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒரு நாட்டையே கடக்கத் தயாராக இருக்கிற மனிதர், உயிரோடு எதிரில் நிற்கும் மகனிடம் ஒரு சொல் சொல்ல முடியவில்லை.

உண்மையில் நடந்ததா என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. ஆட்கள் கற்பனை, எலும்புக்கூடு உண்மை. சார்லஸ் குட்நைட், ஆலிவர் லவிங் என்ற இரண்டு கூட்டாளிகள் 1866-இல் டெக்சாஸிலிருந்து நியூ மெக்சிகோவுக்கு மந்தை ஓட்டிப் புதுப் பாதை போட்டார்கள். இன்றும் அதற்கு அவர்கள் பெயர்தான். சமையல் வண்டியைக் கண்டுபிடித்தவரும் இதே குட்நைட்தான், ராணுவ வண்டி ஒன்றின் பின்பக்கத்தில் இழுப்பறைகள் வைத்த பெட்டி பொருத்தி. 1867-இல் லவிங், பில் வில்சன் என்ற ஒற்றைக் கை ஆளோடு மந்தைக்கு முன்னால் போனபோது பெக்கோஸ் ஆற்றங்கரையில் கொமாஞ்சே பூர்வகுடியினரிடம் மாட்டிக்கொண்டார். வில்சன் இரவில் ஆற்றில் நழுவித் தப்பி, வெறுங்காலோடு நாள்கணக்கில் நடந்து குட்நைட்டை எட்டினார். பீ ஐ நடந்த நடை அதுதான். லவிங் எப்படியோ ஃபோர்ட் சம்னர் போய்ச் சேர்ந்தார், ஆனால் காயம் அழுகி அங்கே செப்டம்பரில் இறந்தார். அந்நிய மண்ணில் என்னை விட்டுவிடாதே என்று கேட்டுக்கொண்டார். குட்நைட் மந்தையை விற்று முடித்துவிட்டுத் திரும்பி வந்து, புதைத்த உடலைத் தோண்டி எடுத்து, தகரத்தை அடித்துச் செய்த பெட்டியில் கரித்தூள் நிரப்பி, வண்டியில் ஏற்றி டெக்சாஸில் வெதர்ஃபோர்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தார்.

டேனி குளோவர் நடித்த டீட்ஸ் என்ற கறுப்பின வழிகாட்டிக்கும் மூலம் உண்டு. போஸ் ஐகார்டு, அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் குட்நைட்டோடு மந்தை ஓட்டியவர். உலகத்தில் வேறு யாரையும்விட அவரை நம்பினேன் என்கிற அளவுக்குக் குட்நைட் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஐகார்டு இறந்தபோது கல்லறைக் கல்லில் குட்நைட் எழுத வைத்த வரிகளில், வேலைக்குப் பின்வாங்கியதே இல்லை, மிகச் சிறந்த நடத்தை என்ற பொருளில் வருகிறது. தொடரில் டீட்ஸ் இறந்ததும் உட்ரோ உட்கார்ந்து ஒரு பலகையில் கத்தியால் எழுத்தெழுத்தாகச் செதுக்குகிறாரே, அந்த வாசகம் பெரும்பாலும் இதிலிருந்து எடுத்தது. கேமரா அந்தப் பலகையை முழுதாகப் படிக்க விடுகிறது. மகனிடம் பேச முடியாதவர் பலகையில்தான் மனதைத் திறக்கிறார். லவிங்கும் ஐகார்டும் வெதர்ஃபோர்டில் ஒரே மயானத்தில்தான் இருக்கிறார்கள்.

குறை இல்லாத படைப்பு அல்ல இது. புளூ டக் என்ற வில்லன் பூர்வகுடிக் கலப்பினத்தவன், அதை நடித்தவர் பூர்வகுடி அல்ல, பாத்திரமும் வெறும் கொடூரமாகவே நின்றுவிடுகிறது. யாருடைய நிலத்தின் வழியாக இந்த மாடுகள் போகின்றன என்ற கேள்வியைத் தொடர் ஓரிரு இடங்களில்தான் தொடுகிறது. ஒன்று டீட்ஸ் இறக்கும் இடம், பட்டினியில் குதிரையைத் திருடித் தின்கிற ஒரு சிறு கூட்டம், அதில் ஒரு கண் தெரியாத குழந்தையைத் தூக்கப் போய்த்தான் அவர் ஈட்டியில் சாகிறார். அந்த ஒரு காட்சியில் இருக்கிற நியாயம் தொடர் முழுக்க இருந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. டயேன் லேன் நடித்த, ஊர்ச் சாராயக்கடையில் உடலை விற்றுப் பிழைத்த லொரீனாவின் கதையும் நாவலில் இருப்பதைவிட இதில் மெலிந்துதான் இருக்கிறது.

1989 பிப்ரவரி 5-ஆம் தேதி தொடங்கி நான்கு இரவுகள் சிபிஎஸ்-இல் ஓடியது. செத்துப் போன வகை என்று சொன்னதைக் கோடிக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். 18 எம்மி பரிந்துரை, 7 விருது. சிறந்த குறுந்தொடருக்கான எம்மி கிடைக்கவில்லை, டுவாலுக்கும் கிடைக்கவில்லை, இரண்டுக்கும் கோல்டன் குளோப் வந்தது. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் டான்சஸ் வித் வுல்வ்ஸ், அன்ஃபர்கிவன் என்று வெஸ்டர்ன் மறுபடி எழுந்ததற்கு இது வழி திறந்தது என்று நான் நம்புகிறேன். படப்பிடிப்பில் பயன்படுத்திய உடைகளும் பொருள்களும் டீட்ஸின் பலகை உட்பட டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், சான் மார்க்கோஸ் ஊரில், விட்லிஃப் பெயரிலுள்ள சேகரிப்பில் இருக்கின்றன.

பார்ப்பதென்றால் ஒளிபரப்பான விதத்திலேயே நான்கு இரவாகப் பாருங்கள். நான் முதல் தடவை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன், அன்று பாதிதான் உள்ளே போனது. இரண்டாவது தடவை ஒரு வாரத்தில் நான்கு இரவு பார்த்தபோது, நடுவில் வேலைக்குப் போய் வந்த பகல்களிலும் மந்தை எங்கோ நடந்துகொண்டே இருப்பது போல இருந்தது. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், டெக்சாஸ் பேச்சு வேகமாக விழுங்கிப் பேசுவது, கஸ் சொல்வதில் ஒரு சொல்லையும் விடக் கூடாது. இதன் தொடர்ச்சியாகவும் முன்கதையாகவும் நான்கு குறுந்தொடர்கள் வந்திருக்கின்றன. 1993-இல் வந்த ரிட்டர்ன் டு லோன்சம் டவ் மக்மர்ட்ரி எழுதியது அல்ல, அதைத் தள்ளிவைக்கலாம். 1995-இல் வந்த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லாரேடோ அவருடையது, வயதான உட்ரோவாக ஜேம்ஸ் கார்னர். ஒரு காலத்தில் குதிரை ஏற முடியாமல் விட்டுப் போனவர் கடைசியில் அந்தக் குடும்பத்துக்குள் வந்துவிட்டார். அது மிகவும் இருட்டான கதை, இதைப் பார்த்து ஒரு மாதமாவது கழித்துத் தொடுங்கள்.